அலமரல், ஐந்து எழுத்து

அக்கா, மூட்டையை என் கால் பக்கம் தள்ளிக்கோங்க, எனக்கு ஒண்ணும் இல்லை. பிச்சிப்பூதானே? தோவாளையில நீங்க ஏறும்போதே பஸ் முழுக்க வாசனை. திருநெல்வேலி வரைக்குமா? நல்லதாப் போச்சு. நானும் பாளையங்கோட்டைதான்.

நீங்க அப்பவே இருந்து என் மடியில இருக்கிற அட்டையை எட்டி எட்டிப் பாக்கிறீங்க. நான் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன். லவ் லெட்டர் இல்லை. லவ் லெட்டரா இருந்தா இந்நேரம் நாலு எழுதி முடிச்சிருப்பேன், நாலு பேருக்கு நாலு கையெழுத்தில. இது குறுக்கெழுத்துக்கு ஒரு குறிப்பு. ஒரே ஒரு வரி. அஞ்சு மணிக்குள்ள இதைக் கொண்டு போய் ஒரு பெட்டிக்குள்ள போடணும். போட்டு, அது நல்லா இருந்தா, எங்க ஊர் வாரப் பத்திரிகையில ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கட்டத்துக்குக் கீழே என் பேர் வரும். ‘அமைப்பு: பியூலா’ன்னு. போடலைன்னா ஒரு பல் டாக்டர் பேர் வரும். அதுவும் நான் எழுதின குறிப்பை வச்சு. அதுதான் வயித்தெரிச்சல்.

இருங்க, முதல்ல ஒரு வேடிக்கை பாருங்க. அந்தக் கண்டக்டர் முன்னாடி போய் டிரைவர்கிட்ட பேசிட்டு இருக்கார் இல்லையா. வாயில வெத்தலை, பேச்செல்லாம் மூக்கு வழியா. இப்பக் கேளுங்க.

“பணகுடில்லாம் முன்னாடி வா. பணகுடி, பணகுடி. சட்டுனு எறங்கு, அய்யா, பையை எடு.”

பாத்தீங்களா, பணகுடிக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கு, அந்தச் சட்டைக்காரர் பையைத் தூக்கிட்டு எழுந்துட்டார். கண்டக்டர் முறைக்கிறார். முறைக்கட்டும். அவர் குரல்ல பேசினது நான்னு அவருக்குத் தெரியாது. அவர் பேசினாரோன்னு அவருக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில என்னை எல்லாருக்கும் தெரியும். ஹெட்மிஸ்ட்ரஸ் குரல்ல பியூனை அனுப்பி ஒரு பீரியடு முன்னாடியே மணி அடிக்க வச்சிருக்கேன். எங்க அப்பா குரல்ல போன் பண்ணி எனக்கே லீவு கேட்டிருக்கேன், “என் மகளுக்கு லேசாக் காய்ச்சல் சிஸ்டர்”னு, அப்பா இருமுற அந்த இருமலோட. சிஸ்டர் என்கிட்ட, அதாவது எங்க அப்பாகிட்ட, அஞ்சு நிமிஷம் என்னைப் பத்திக் குறை சொன்னாங்க. நானும் “ஆமா சிஸ்டர், வீட்டிலயும் அப்படித்தான்”னு சொன்னேன். 

சரி, விஷயத்துக்கு வாரேன்.

நீங்க நினைக்கிற குறுக்கெழுத்து இல்லை இது. ‘ஆற்றில் ஓடுவது, ரெண்டு எழுத்து’, ‘நீர்’னு போட்டுட்டுப் போறது, அதெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவங்க செய்யறது. எங்களுது வேற. ஒரு குறிப்பில ரெண்டு பாதி இருக்கும். ஒரு பாதி பொருளைச் சொல்லும். இன்னொரு பாதி எழுத்தைக் கழட்டிக் கோக்கும். ரெண்டும் சேர்ந்து பார்வைக்கு ஒரு சாதாரண வாக்கியம் மாதிரி நிக்கணும். ‘தலை போன தவளை பெண் கையில்’. என்ன? தவளையில தலையெழுத்து ‘த’ போச்சு, மிச்சம் வளை. கையில போடுற வளை. சிரிக்கிறீங்க பாருங்க. அது நான் ஒன்பதாம் வகுப்பில எழுதினது. எங்க அறிவியல் டீச்சர் பேசுற மாதிரியே.

இதுக்குன்னு பாளையங்கோட்டையில ஒரு மன்றம் இருக்கு. நெல்லைக் குறுக்கெழுத்தாளர் மன்றம். பேரைக் கேட்டா ஆயிரம் பேர் இருப்பாங்கன்னு நினைப்பீங்க. பதினாலு பேர். மாசத்தில முதல் ஞாயித்துக்கிழமை ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில கூடுவாங்க. பதினாலு பேரும் தங்களை விட்டா தமிழுக்கு நாதியில்லைன்னு நினைக்கிற ஆளுங்க. வடை வந்ததும் அந்த நினைப்பு கொஞ்சம் குறையும்.

தலைவர் சிவசைலம் அண்ணாச்சி. சார்பதிவாளரா இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரம் எழுதியே பழகி, வாயைத் திறந்தாலே பத்திரம்தான். ‘டீ வந்துருச்சு’ன்னு சொல்லத் தெரியாது அவருக்கு. கேளுங்க, இப்ப அண்ணாச்சி பேசுறார்: “அதாகப்பட்டது, மேற்படி தேநீரானது, ம்க்கும், வந்து சேர்ந்த விவரம் சபையோருக்குத் தெரியப்படுத்தலாகிறது.” அந்த ‘ம்க்கும்’ முக்கியம். அது இல்லாம அவர் ஒரு வாக்கியமும் முடிக்க மாட்டார்.

அடுத்தது டாக்டர் கிஃப்ட்சன். பல் டாக்டர். எந்தச் சொல்லைக் குடுத்தாலும் பிடுங்குவார், குடைவார், அடைப்பார். அவர் குறிப்பு எல்லாம் ‘பல் இல்லாத’, ‘வேர் அறுந்த’, ‘சொத்தை போக்கி’ன்னுதான் இருக்கும். பேச்சும் அப்படியே: “லேசாத்தாம்மா வலிக்கும், ஆ காட்டு, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான், முடிஞ்சுது.” முடிஞ்சிருக்காது.

மூணாவது ஆவுடை மேடம். மின்வாரிய ஆபீஸ்ல வேலை. நாள் முழுக்க மீட்டர், மீட்டர்னு உக்காந்திருக்கிற அந்தம்மா எழுதுறது எல்லாம் பூ, நிலா, மழை, இரவு. பேச்சு ரொம்ப மெதுவா. ஒரு சொல்லைச் சொல்லிட்டு அடுத்த சொல் வரதுக்குள்ள நமக்கு ஒரு தூக்கம் முடிஞ்சிரும். “நான்... நினைக்கிறேன்... அது... அப்படியும்... இருக்கலாம்.” இருக்கலாம்னு சொல்லுறதுக்கு இவ்வளவு நேரம்.

மத்த பத்து பேரைச் சொல்லி உங்க நேரத்தை வீணடிக்கல. அவங்க கை தட்டுவாங்க.

பதினாலாவது நான். ஒன்றரை வருஷமாப் போறேன். கூட்டம் முடியிற நேரத்தில அண்ணாச்சி சொல்லுவார், “பியூலா பாப்பா, ரெண்டு குரல் பண்ணும்மா, எல்லாரும் சிரிச்சுட்டுப் போகட்டும்.” நானும் பண்ணுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. அவங்க குரலையே அவங்க முன்னாடி பண்ணுவேன், அதுக்கும் சிரிப்பாங்க. ஒன்றரை வருஷத்தில ஒருத்தர் ஒரு தடவை, ‘நீ எழுதின குறிப்பை வாசிம்மா’ன்னு கேட்டது கிடையாது. அதைப் பத்தி எனக்குக் கவலை இல்லை. சும்மா சொன்னேன்.

இதுவரை பத்திரிகைக்குக் கட்டம் போட்டுக் குடுத்தவர், மகனோட இருக்கப் பெங்களூருக்குப் போயிட்டார். இடம் காலி. அண்ணாச்சி ஒரு போட்டி வச்சார். ஒரே சொல். எல்லாரும் அதுக்குக் குறிப்பு எழுதணும். யார் குறிப்பு ஜெயிக்குதோ அவங்க அமைப்பாளர். சொல் என்ன தெரியுமா? அலமரல். பழைய அகராதியில கண்ணாடியை மாட்டிட்டுத் தேடி எடுத்திருக்கார். யாருக்கும் தெரியாத சொல்லை எடுக்கிறதில அவருக்கு ஒரு ஆனந்தம். அர்த்தம் ஒண்ணும் பெரிசில்லை. மனசு சுழன்று, தலை கிறுகிறுத்து, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்கிறது. அஞ்சு எழுத்து.

மன்றத்தில ஒரு வழக்கம் உண்டு. இதைக் கவனமாக் கேளுங்க அக்கா, எல்லாக் கூத்தும் இதனால வந்ததுதான். குறிப்பைக் கையால எழுதக்கூடாது. கீழே இன்ஸ்டிட்யூட்ல இருக்கிற டைப்ரைட்டர்ல அட்டையில அடிக்கணும். பேர் போடக்கூடாது. பெட்டிக்குள்ள போட்டுரணும். ஒருத்தர் எத்தனை அட்டை வேணும்னாலும் போடலாம். கூட்டத்தில அண்ணாச்சி ஒவ்வொண்ணா வாசிப்பார், எல்லாரும் கை தூக்கி ஓட்டுப் போடுவாங்க, ஜெயிச்சதும் எழுதினவர் எழுந்து நிக்கணும். எழுந்து நிக்கிறவர்தான் எழுதினவர். அவ்வளவுதான் சாட்சி. பத்திரப் பதிவில இருந்த மனுஷன் வச்ச வழக்கம் இது. சிரிப்பா வருது இல்லையா. “நம்மவர்கள், ம்க்கும், கனவான்கள்” அப்படின்னு விளக்கம் வேற.

எனக்கு இதைப் பாத்ததும் கை துறுதுறுன்னு வந்துருச்சு. இதில சில பேர் பத்துப் பன்னெண்டு அட்டை போடுவாங்க. டாக்டர் ஒரு பேஷண்டுக்கு மருந்து வச்சுட்டு அது மரத்துப்போறதுக்குள்ள இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடி வந்து ரெண்டு அட்டை அடிச்சுட்டுப் போவார். எதை எழுதினோம், எதை எழுதலைன்னு அவங்களுக்கே ஞாபகம் இருக்காது. அப்ப அவங்க மாதிரியே நான் எழுதி உள்ளே போட்டா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உக்காந்தேன். முக்கால் மணி நேரம். மூணு அட்டை.

அண்ணாச்சி மாதிரி ஒண்ணு: ‘மேற்படியார் உட்காருதலின் உள்ளே லஞ்சத்தின் தலை நுழைந்த வகையில் ஏற்பட்ட தடுமாற்றம்.’ உட்காருதல்னா அமரல். லஞ்சத்தோட தலை ‘ல’. அமரலுக்குள்ள ‘ல’ நுழைஞ்சா அலமரல். அர்த்தம் தடுமாற்றம். புரியுதா? புரியலைன்னாலும் பரவாயில்லை, தலையை ஆட்டுங்க.

டாக்டர் மாதிரி ஒண்ணு: ‘தாடையின் கடைசியைப் பிடுங்கி மரல் நட்டால் தலை சுற்றும்.’ தாடைக்கு அலகுன்னு ஒரு பேர். கடைசி ‘கு’வைப் பிடுங்கியாச்சு. மரல்னு நார் எடுக்கிற செடி ஒண்ணு இருக்கு, அதைப் பக்கத்தில நட்டாச்சு. அல, மரல். நான் எழுதும்போதே எனக்கு மருந்து வாசனை அடிச்சது.

ஆவுடை மேடம் மாதிரி ஒண்ணு: ‘இரவுக்குள் மலரத் தடுமாறி, மனம் படும் பாடு.’ அல்னா இரவு. அதுக்குள்ள ‘மலர’ங்கிற மூணு எழுத்தும் இடம் மாறித் தடுமாறி உக்காந்திருக்கு. எழுதி முடிச்சதும் கொட்டாவி வந்தது. அவ்வளவு அச்சு அசலா இருந்தது.

என் திட்டம் இதுதான். மூணுல எது ஜெயிச்சாலும் நான் எழுந்து நிப்பேன். ‘உங்களை மாதிரி எழுத உங்க வயசும் அனுபவமும் வேண்டாம், முக்கால் மணி நேரம் போதும்’னு அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லிட்டு அந்த நாற்காலியை வாங்கிக்குவேன்.

என்னை மாதிரியா? நான் எதுக்கு என்னை மாதிரி எழுதணும், ஜெயிக்கிறதுக்குத்தானே போட்டி.

போன ஞாயித்துக்கிழமை காலையில பத்தரை மணி. நாற்பத்தொரு அட்டை. அண்ணாச்சி வாசிச்சார். ஓட்டு எடுத்தாங்க. முதல் மூணு இடமும் என் மூணு அட்டைக்கு. அக்கா, என் நிலைமையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து நிக்குது.

மூணாம் இடத்தில இருந்து ஆரம்பிச்சார் அண்ணாச்சி. அந்த லஞ்ச அட்டை. “இதை எழுதினவர், ம்க்கும், எழுந்திருக்கலாம்.” நான் எழும்பல. மூணாம் இடத்துக்கு எதுக்கு எழும்பணும். ஒருத்தரும் எழும்பல. அண்ணாச்சி அட்டையைத் திருப்பிப் பாத்தார். மறுபடி வாசிச்சார், உதட்டுக்குள்ள. அவர் முகத்தில மெல்ல ஒரு வெட்கம் வந்தது பாருங்க. ஏற்கனவே நின்னுட்டிருக்கிற மனுஷன், உக்காந்து, திரும்ப எழுந்தார். “அடியேன் எழுதியதுதான். மறந்தே போனேன். பழைய உத்தியோக ஞாபகத்தில வந்து விழுந்திருக்கு.” எல்லாரும் கை தட்டினாங்க. சார்பதிவாளரா இருந்த ஆளு லஞ்சத்தைப் பத்தி எழுதின குறிப்பை, பழைய உத்தியோக ஞாபகம்னு சொந்தம் கொண்டாடுறார். நான் துப்பட்டாவை வாயில வச்சு இருமினேன்.

ரெண்டாம் இடம், தாடை. டாக்டர் சட்டுனு எழுந்துட்டார். யோசிக்கவே இல்லை. “மரல் நட்டது கொஞ்சம் கஷ்டப்பட்டேன்”னு வேற சொன்னார். அக்கா, அந்த மனுஷனுக்கு மரல்னா செடியா கொடியான்னு தெரியாது. நான் பந்தயம் கட்டுறேன்.

அடுத்தது முதல் இடம். எல்லாரும் ஆவுடை மேடத்தைத் திரும்பிப் பாத்தாங்க. ஒரு அம்மா எழுந்து போய்க் கையே குலுக்கிட்டாங்க. நான் காத்திருந்தேன். இந்தம்மாவும் எழும்பட்டும், மூணு பேரும் எழுந்து நின்னதும் மூணு பேரையும் ஒரே வலையில அள்ளிரலாம்னு.

எழும்பல.

“என்னுது... மாதிரிதான்... இருக்கு. ஆனா நான்... எழுதல.”

“அடக்கம், அடக்கம்”னு அண்ணாச்சி சொன்னார்.

“அடக்கம் இல்ல அண்ணாச்சி. எழுதியிருந்தா... ஞாபகம் இருக்கும். நான் மாசத்துக்கு ஒண்ணுதான்... எழுதுவேன்.”

மூணு பேர்ல எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது இந்தம்மாதான். மத்த ரெண்டு பேரும் பொய் சொன்னாங்க, அதைப் பிடிச்சு வருஷம் முழுக்கக் கேலி பண்ணலாம். உண்மையைச் சொல்லிட்டுப் பேசாம உக்காந்திருக்கிறவங்களை என்ன பண்ண முடியும்? ஒரு விளையாட்டுக்கு ஒத்து வராத பிறவி.

சரின்னு நான் எழுந்தேன். “நான்தான் எழுதினேன். இதை மட்டும் இல்லை, மூணையும்.”

முதல்ல டாக்டர் சிரிச்சார். “பாப்பா நல்லா விளையாடுறா.” அவர் காது ரெண்டும் சிவந்திருச்சு. அண்ணாச்சி சிரிக்கல. “ஏம்மா, மேடம் பெருந்தன்மையா விட்டுக் குடுத்தா, ம்க்கும், உடனே எழுந்து உரிமை கோருவதா? மேற்படி மூன்றும் மூன்று பேர் நடை. சபைக்கே தெரியும்.”

நான் எழுத்து எழுத்தாப் பிரிச்சு விளக்கினேன். “விளக்கம் யார் வேணா சொல்லலாம்மா”ன்னார் டாக்டர். டைப்ரைட்டர் அட்டை, பேர் இல்லை, கையெழுத்து இல்லை. எங்க போய்ச் சாட்சி தேட? அந்தப் பத்து பேரும் என்னைப் பாத்த பார்வை இருக்கே. குரல் பண்ணும்போது சிரிச்சாங்களே, அதே ஆளுங்க.

அப்ப ஆவுடை மேடம் கையைத் தூக்கினாங்க. “அவதான்... எழுதியிருப்பா. நான் நம்புறேன்.”

நல்லது பண்ணுறாங்களேன்னு நினைச்சேன். முடிக்கலை அவங்க.

“மூணும் நல்லா இருக்கு. ஒண்ணு அண்ணாச்சி மாதிரி, ஒண்ணு டாக்டர் மாதிரி, ஒண்ணு... என்னை மாதிரி. நாலாவதா ஒண்ணு எழுதிக் குடுக்கட்டும். யார் மாதிரியும் இல்லாம. அது நல்லா இருந்தா... இடம் அவளுக்கு. ஒரு வாரம் குடுப்போம்.”

அண்ணாச்சிக்கு அது வசதியாப் போச்சு. “சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், பெயருடன், சொந்தக் கையெழுத்தில், பெட்டியில் சேர்ப்பிக்கப்பட வேண்டியது. தவறினால் இரண்டாமிடம் பெற்ற டாக்டர் அவர்களுக்கு.” டாக்டர் உடனே ஒரு புன்னகை. முப்பத்திரண்டு பல்லும்.

“ஒரு வாரம் எதுக்கு, இப்பவே எழுதுறேன்”னு நான் சொன்னேன். அண்ணாச்சி ஒரு அட்டையை நீட்டினார். வாங்கினேன். பதினாலு பேர், இல்லை, என்னை விட்டுட்டுப் பதிமூணு பேரும் பாத்துட்டே இருக்காங்க. பேனாவைத் திறந்தேன். திறந்ததும் எனக்கு என்ன வந்தது தெரியுமா அக்கா? ‘ம்க்கும்’னு ஒரு கனைப்பு. அண்ணாச்சி கனைப்பு. நான் வேணும்னு பண்ணல, தானா வந்துருச்சு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. சரி, சனிக்கிழமை தாரேன்னு இறங்கி வந்துட்டேன். அந்த இடத்தில ஃபேன் வேற ஓடல. யாரால எழுத முடியும்.

வீட்டில அம்மா, தம்பி, டிவின்னு ஒரே சத்தம். பள்ளிக்கூடம் லீவுதானே, அமைதியா எழுதலாம்னு நாகர்கோவில்ல அத்தை வீட்டுக்கு வந்தேன். ஆறு நாள். அத்தை வீட்டில அமைதி அதிகமாயிருச்சு, அதனால ஓடல. அத்தை வந்து வந்து எட்டிப் பாக்கிறாங்க. “ஏட்டி, ஒரு வரி எழுதவா ஆறு நாளு?” ஒரு வரின்னா லேசுன்னு நினைப்பு.

எழுதாம இல்லை. எழுதியிருக்கேன். பையில இருக்கு பாருங்க, முப்பது அட்டை. திங்கள்கிழமை ஒண்ணு எழுதினேன்: ‘மலர, அல் வரிசை கலைந்து நின்றால் மயக்கம்தான்.’ நல்ல குறிப்பு. எழுதிட்டு வாசிச்சா எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் பிரேயர்ல நின்னு கத்துறாங்க. அடிச்சுட்டேன். செவ்வாய்க்கிழமை ஒண்ணு: ‘உட்காருறதுக்குள்ளே லக்கேஜ் முதலில் ஏறினால் தடுமாற்றம்.’ கண்டக்டர். இந்தக் கண்டக்டர் இல்லை, வேற ஒருத்தர். புதன்கிழமை எங்க பாஸ்டர் வந்தார். வியாழக்கிழமை அத்தையே வந்துட்டாங்க, அட்டைக்குள்ள இருந்துகிட்டு ‘ஏட்டி’ன்னு கூப்பிடுறாங்க.

என் மேல தப்பு இல்லை. சொல் சரியில்லை. அலமரல்ங்கிற மாதிரி ஒரு சொல்லைக் குடுத்தா அதில அஞ்சாறு வழிதான் இருக்கு, மூணு வழியை நானே மத்தவங்களுக்குத் தானம் பண்ணிட்டேன். அப்புறம், ‘யார் மாதிரியும் இல்லாம’ன்னு ஒரு நிபந்தனையே அர்த்தம் கெட்ட நிபந்தனை. அண்ணாச்சி யார் மாதிரி எழுதுறார்? பத்திரம் மாதிரி. டாக்டர்? அவர் கிளினிக் மாதிரி. அந்த ஆவுடை மேடமே எங்கேயோ படிச்ச கவிதை மாதிரிதான் எழுதுறாங்க. அவங்களை யாராவது கேட்டாங்களா? என்னை மட்டும் கேக்கிறாங்க. பொறாமை. வேற என்ன.

வள்ளியூர் வந்துருச்சா? மணி என்ன? மூணரையா. இந்த பஸ் வேற நிறுத்தம் நிறுத்தமா நின்னு நின்னு.

நீங்க என்ன அக்கா, ஏறினதில இருந்து ‘ம்’, ‘ம்’தான். உங்க பேர்கூட நான் கேக்கல. உங்க மாதிரி ஆளுங்களைத்தான் பிடிக்கவே முடியறதில்லை. பேச்சு இருந்தாத்தானே பிடிக்க.

மழையா? ஆமா, தூறுது. ஜன்னலை இறக்கட்டுமா? ஏன் இப்படிப் பதறுறீங்க, நாலு துளிதானே. மூட்டை உள்ளேதானே இருக்கு.

என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க.

“மூட்டையில உள்ளதப் பத்தி இல்ல மக்ளே. செடியில நிக்கதுக்குத்தான். பூ விரியற நேரம் பாத்து நடுவுல ஒரு சொட்டு மழ விழுந்தாப் போரும், எனக்குத் தல சுத்தும். மொட்டு அம்புட்டும் கருத்துப் போவும். பறிக்கவும் ஒக்காது, பாக்கவும் ஒக்காது.”

நிறுத்துங்க அக்கா. பேசாதீங்க ஒரு நிமிஷம். அந்தப் பேனா எங்க.

பூ விரியறதுக்கு அலரல்னு ஒரு பேர் இருக்கு. அலரல். நாலு எழுத்து. சரியா நடுவில, சரியா நடுவில அக்கா, மழையோட முதல் துளி, ‘ம’. அல, ம, ரல். 

‘பூத்தலின் நடுவே மழையின் முதல் துளி, தலை சுற்றும்.’

வாசிங்க. நீங்க வாசிக்க மாட்டீங்களா, சரி நான் வாசிக்கிறேன், கேளுங்க. பூத்தலின் நடுவே மழையின் முதல் துளி, தலை சுற்றும். எப்படி? இதில எங்கயாவது அண்ணாச்சி கனைக்கிறாரா? டாக்டர் எதையாவது பிடுங்குறாரா? ஆவுடை மேடம்கூட இப்படி எழுத மாட்டாங்க. அவங்களுக்கு மழை வந்தா அழகு. இதில மழை வந்தா தலையே சுத்துது. அதுதான் வித்தியாசம். அதுதான் நான். ஆறு நாளா உள்ளே ஊறிட்டே இருந்திருக்கு, இப்ப வந்துருச்சு. யார் மாதிரியும் இல்லை.

என்ன அக்கா, அப்படிப் பாக்கிறீங்க?

“நான் சொன்னதத்தானே மக்ளே எழுதிருக்க?”

ஐயோ அக்கா. நீங்க சொன்னது வேற, இது வேற. நீங்க உங்க கஷ்டத்தைச் சொன்னீங்க. இது குறிப்பு. அலரல்னு ஒரு சொல் உண்டுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதில்லையா. அப்புறம் என்ன. மழைன்னு நீங்க ஒருத்தர்தான் இந்த உலகத்தில சொல்லியிருக்கீங்களா? எல்லாரும் இப்படித்தான் அக்கா, ஏதாவது நல்லா வந்துட்டா உடனே எழுந்து நின்னுருவாங்க.

கோவிச்சுக்காதீங்க. சும்மா சொன்னேன்.

பேர் எழுதிட்டேன். பியூலா. கொஞ்சம் பெரிசாவே எழுதியிருக்கேன், அண்ணாச்சி கண்ணாடி இல்லாமலே வாசிக்கட்டும். நாலரைக்கு இறங்கினா ஆட்டோவில பத்து நிமிஷம். டாக்டர் முகத்தை நினைச்சாலே ஆனந்தமா இருக்கு.

ஒண்ணுதான் யோசனை. அந்த ஆவுடை மேடம் சும்மா விட மாட்டாங்க. பத்திரிகைக்கு வாரத்துக்கு முப்பது குறிப்பு வேணும். இது ஒண்ணைப் பாத்துட்டு, “நல்லா... இருக்கு. இதே மாதிரி... இன்னொண்ணு”ன்னு கேட்டாலும் கேப்பாங்க. அவங்க புத்தி அப்படி.

அடுத்தது நாங்குநேரிதானே? அப்படின்னா இறங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. நான் பேச மாட்டேன் அக்கா, சத்தியமா. நீங்க பேசுங்க. என்ன வேணா பேசுங்க. செடிக்கு எப்பத் தண்ணி விடுவீங்க, யார் பறிப்பாங்க, வீட்டில யார் யாரு, எது வேணும்னாலும். இப்பப் பேசினீங்களே, அதே மாதிரி, மெதுவா. நான் எழுதிட்டே வாரேன்.